விழுந்ததா, பறந்ததா

அபிதகுசாம்பாளின் தலையில் அது வந்து உட்கார்ந்தபோது அவளுடைய இரண்டு கைகளும் பாவுக்குள் இருந்தன. அறுந்துபோன இழையின் ஒரு முனை இடது கையில், மறு முனை வலது கையில். ஆரணியில் அந்தத் தெருவில் இந்த வேப்பமரத்துக்கும் அந்த வேப்பமரத்துக்கும் நடுவே, தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலிழைகளைப் பாவாக நீட்டி இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அறுந்த இழைகளையெல்லாம் முடிந்து, பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். அந்த நேரத்தில் இடியே விழுந்தாலும் யாரும் கையை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் இழை சுருண்டு பக்கத்து இழையோடு பின்னிக்கொள்ளும், அதைப் பிரிப்பதற்குள் உயிர் போய்த் திரும்பி வரும். அதனால் அபிதம் அசையவில்லை. வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு அபிதம்தான் பெயர். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள் என்று அவள் அம்மா சொல்வாள்.

யாரோ பின்னாலிருந்து கொஞ்சம் பூவை எடுத்துத் தலையில் வைத்துவிட்டதுபோலத்தான் அவளுக்கு இருந்தது. பாவுக்கு மறுபக்கம் நின்றிருந்த அம்மா கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும்தான் பூ இல்லை என்று புரிந்தது.

"அடியே, அசையாத. தலைல இன்னாவோ கீது."

"இன்னாம்மா கீது?"

"தெரிலடி. வாலு தொங்குது."

வால் அபிதத்தின் கண்ணுக்கும் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், ஈர்க்குச்சி கனத்தில், புருவத்துக்கு மேலே அது இப்படியும் அப்படியும் ஆடியது. வேறு யாராவதாக இருந்தால் கத்தித் தெருவைக் கூட்டியிருப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி முடிச்சைப் போட்டு, இழை நிற்கிறதா என்று ஒருமுறை நீவியும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கையை வெளியே எடுத்தாள். அதற்குள் தலையில் இருந்தது பக்கத்து வேப்பமரத்தில் தாவி, பட்டையோடு பட்டையாகக் காணாமல் போய்விட்டது. பாவின் கடைசியில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அப்பா எல்லப்பன், "போச்சா? போச்சா?" என்று அங்கிருந்தே கத்தினார். அவரும் கயிற்றை விடவில்லை.

"பல்லி" என்றது ஒரு குரல். "தலையில. மேலேந்து தொப்புனு விழுந்துச்சு. நான் பாத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். தெருமுனையில் கையில் மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வற்றல்போல உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, எதையும் நம்பாத கண். கெங்கம்மாளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பலராமனின் பெரியம்மா, தேசூர் சின்னக்கண்ணு. பெற்றவள் போன பிறகு அவனை எடுத்து வளர்த்தவள் இவள்தான். பெண் பார்க்கப் பத்தரை மணிக்கு மேல் நல்ல நேரம் என்று பேசி வைத்திருந்தது. விடிந்ததும் விடியாததுமாக முதல் பஸ்ஸைப் பிடித்து இவள் வந்து நிற்கிறாள். அது அவளுடைய வழக்கமாம். பெண்ணைப் பவுடர் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், வாசலைப் பெருக்குவதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும். பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். கஞ்சி தெறித்த பழைய புடவையும் அவிழ்ந்த கொண்டையும் தலையில் ஒரு பல்லியுமாக.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், சின்னக்கண்ணு பல்லி விழும் பலனில் தேசூருக்கே அதிகாரி. தோளில் விழுந்தால் இன்னது, முழங்காலில் விழுந்தால் இன்னது என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை அவளுக்கு மனப்பாடம். ஊரில் யார் மேல் பல்லி விழுந்தாலும், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு முதலில் ஓடுவது அவள் வீட்டுக்குத்தான்.

"தலைன்னா கலகம்" என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "அதுவும் பொண்ணு பாக்க வர நேரத்துல. வூடு ரெண்டாப் பூடும். நான் சொல்லல, காலங்காலமா சொல்றது."

"மொதல்ல உள்ள வாங்க. ஒரு வாய் காப்பி குடிங்க" என்று கெங்கம்மாள் கெஞ்சினாள்.

"காப்பி குடிக்கறேன். காப்பிக்கு இன்னா தோசம் வந்துச்சு? ஆனா இந்தப் பேச்ச இத்தோட வுட்றலாம்."

அபிதம் கையில் ஒட்டியிருந்த கஞ்சியைப் புடவையில் துடைத்தாள். இதற்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேரில்லை. அவர்கள் வேண்டாம் என்றபோது அவள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள், அவர்கள் வேண்டும் என்றபோதுதான் இவள் வேண்டாம் என்று அடம்பிடித்திருக்கிறாள். வந்தவர்களெல்லாம் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் தறியைப் பார்த்தார்கள். எத்தனை நாளில் ஒரு புடவை இறக்குவாள் என்று கேட்டார்கள். பலராமன் லாரி டிரைவர். மேற்கே ஷிமோகா தாண்டி மலைக்காட்டுப் பக்கமிருந்து, தெருக்கோடியில் தறி செய்யும் தணிகாசலம் ஆசாரிக்குப் பலாமரம் ஏற்றி வருபவன். போன ஆடியில் ஒரு நாள் லாரியை ஓரங்கட்டிவிட்டு, பாவில் இழை முடிந்துகொண்டிருந்தவளிடம் வந்து, "நான் மரம் ஏத்தற காட்டு மழைல இத்த போட்டா காயவே காயாதுங்க. ஆறு மாசம் வானத்துக்கு ஓட்ட" என்றான். அவள், "அப்ப அங்க பொம்பளைங்க இன்னாதான் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். "மழையப் பாத்துகினு உக்காந்திருப்பாங்க" என்றான். அன்றைக்கு ராத்திரி தறிக்குழியில் உட்கார்ந்து கால் மிதித்துக்கொண்டே அவள் தனக்குத்தானே சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அபிதத்துக்கு இருபத்தேழு வயதில் முதல்முறையாக ஒருவனைப் பிடித்திருந்தது. அதைப் போய் ஒரு பல்லி கெடுத்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையை மீறி ஆத்திரம் வந்தது.

சத்தத்தில் எழுந்து பலராமனே வந்துவிட்டான். முந்தின நாள் இருட்டிய பிறகு லோடோடு வந்தவன், காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆசாரி பட்டறை வாசலிலேயே லாரியில் படுத்திருந்தான். பத்தரை மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டியவன், கைலியும் பனியனுமாக, வாயில் வேப்பங்குச்சியோடு நின்றான்.

"மாப்ள வர லட்சணத்தப் பாரு" என்றாள் சின்னக்கண்ணு. "வாயக் கழுவிகினு வாடா, ஊருக்குப் போவலாம். பொண்ணு தலையில பல்லி விழுந்துச்சு."

அவன் குச்சியைத் துப்பிவிட்டு நேராக அபிதத்தைப் பார்த்தே கேட்டான். "எப்பிடி இருந்துச்சுங்க அது?"

பெரியவர்கள் எதிரில் மாப்பிள்ளை இப்படிக் கேட்கலாமா, பெண் பதில் சொல்லலாமா என்று கெங்கம்மாள் தவித்தாள். அபிதம் சொல்லிவிட்டாள். "நான் எங்க பாத்தேன்? சாம்பக் கலர்ல நீட்டு வாலு. கனமே இல்ல. பூ வெச்ச மாதிரி வந்து உக்காந்துச்சு."

அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "பெரிம்மா, அது பல்லியே இல்ல. பறக்கற ஓணான்! அந்தக் காட்டுல, பாக்குத் தோப்புல எல்லாம் கீது. மரம் வெட்டி ஏத்தினோம்ல, அதுல ஒண்ணு பட்டையில தொத்திகினு தார்ப்பாய்க்குள்ளயே வந்துட்டிருக்கு."

"ஓணான் பறக்குதா?" சின்னக்கண்ணு இடுப்பில் கை வைத்தாள். "நாளைக்கு எரும பறக்கும். யாருக்குடா காது குத்தற? பொண்ணு மேல ஆசைன்னா ஆசைன்னு சொல்லு. ஓணானுக்கு எதுக்கு ரெக்க வெக்கிற?"

"சத்தியமா பறக்கும் பெரிம்மா."

"பறந்து வந்து உக்காந்திருந்தா?" என்று அபிதம் கேட்டாள். தெருவே அவளைப் பார்த்தது. அவள் குரல் நடுங்கவில்லை. "நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்க. விழுந்தா கலகம்னீங்க. பறந்து வந்து உக்காந்தா இன்னா பலனுங்க?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் சின்னக்கண்ணுவிடம் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து எல்லப்பன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "இப்ப காக்கா கூடத்தான் பறந்து வந்து தலையில..." என்று ஆரம்பித்தார். "நைனா, நீ சும்மா இரு" என்று அபிதம் ஒரு போடு போட்டாள். சனீஸ்வரன் வாகனத்தை நல்ல காரியத்தில் இழுத்துவிடும் அப்பனை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள்?

"விழுந்தாத்தான் பலன்" என்றாள் சின்னக்கண்ணு கடைசியில், ஒவ்வொரு சொல்லாக யோசித்து. "தெரியாம, கை நழுவி, மேலேந்து விழணும். அதுவா இஷ்டப்பட்டுப் பறந்து வந்து உக்காந்தா, அது விழுந்த கணக்குல வராது. ஆனா நான் பாக்கணும். அது பறக்கறத இந்த ரெண்டு கண்ணால பாக்கணும். நாலு மணி பஸ்ஸுக்குள்ள."

கல்யாணம் இப்போது ஒரு ஓணானின் கையில் இருந்தது. அந்த ஓணான் எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பாவைச் சுருட்டிவிட்டுத்தான் தேட ஆரம்பித்தார்கள். என்ன அவசரமானாலும் அது அப்படித்தான். பிறகு ஆளுக்கொரு மரமாக அண்ணாந்து நின்றார்கள். ஆசாரி உளியோடு வந்தார். தறியை நிறுத்திவிட்டுப் பொம்பளைகள் வந்தார்கள். பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் ஓணானாகத் தெரிந்தது, விரல் நீட்டிக் காட்டினால் வெறும் வெடிப்பாகப் போனது. பலராமன் இரண்டு முறை "தோ, தோ!" என்று கத்தி இரண்டு முறையும் ஏமாந்தான். சின்னக்கண்ணு காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "ரெக்க வெச்ச ஓணான் வானத்துக்கே பூடுச்சு போல" என்றாள்.

கண்டுபிடித்தது அபிதம்தான். மரத்தைப் பார்த்து அலுத்துப்போய் அவள் எறும்பைப் பார்க்க ஆரம்பித்தாள். தண்டில் எறும்பு சாரை ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. நேராகப் போன சாரை ஓரிடத்தில் குறைந்தது. அங்கே எறும்பு போகிறது, ஆனால் அதற்கு மேலே வருவதில்லை. அந்த இடத்தையே உற்றுப் பார்த்தாள். பட்டைக்கு ஒரு கண் இருந்தது. அது அவளைப் பார்த்துச் சிமிட்டியது.

"தோ கீது" என்றாள், சத்தமே வராமல்.

அதன் பிறகும் மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாலோடு சேர்த்து ஒரு சாண் இருக்கும். வேப்பம்பட்டையின் சாம்பலும் பழுப்பும் அப்படியே உடம்பில். விலாவோரம் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று தோல் மடிந்து கிடந்தது, பெரிய அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல. அது ஓடி வேட்டையாடவில்லை. எறும்பு தன் வாய்க்கு நேரே வரும் வரை காத்திருந்து, நாக்கை நீட்டி, ஒன்று. அப்புறம் இன்னொன்று. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி அவ்வளவு நிதானம்.

கெங்கம்மாள் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டாள். சின்னக்கண்ணு அதில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கவே மல்லாந்து படுத்துவிட்டாள். எல்லப்பன் துரட்டுக் கோலைத் தூக்கிக்கொண்டு, "ஒரு தட்டு தட்னா பறந்துரும்" என்று வந்தார்.

"கோலக் கீழ போடுங்க" என்றாள் அவள், படுத்தபடியே. "வெரட்டுனா அது விழுந்துதான் ஆவும். அதுவா பறக்கணும்."

ஆக, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வெயில் ஏறியது. ஓணான் எறும்பு தின்றது. தெருவில் சோற்று வாசனை வந்தது. ஓணான் இரண்டு முழம் மேலே ஏறிப் போய் அங்கேயும் எறும்பு தின்றது. சின்னக்கண்ணுக்குக் கட்டிலுக்கே சாப்பாடு வந்தது. கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும். அவள் கண்ணை மரத்திலிருந்து எடுக்காமல் பிசைந்து சாப்பிட்டதில் பாதி மூக்கில் ஒட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தறிக்குத் திரும்பினார்கள். அபிதம் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். பற பற பற என்று உள்ளுக்குள் அவள் அந்த ஓணானைத் திட்டாத திட்டில்லை.

திடீரென்று ஓணானின் தாடைக்குக் கீழே எதுவோ விரிந்தது. பளிச்சென்று எலுமிச்சை மஞ்சள். ஒரு சின்ன முக்கோணக் கொடி. விரிந்தது, மடங்கியது, மறுபடி விரிந்தது.

"அய்யய்யோ, இன்னாடி இது!" சின்னக்கண்ணு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "கழுத்துல கொடி வெச்சிருக்குதே!"

பலராமன் அதற்குள் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். "ஆம்பள ஓணான் பெரிம்மா. பொட்டைக்கு இவ்ளோ பெருசா இருக்காது, கழுத்துல கொஞ்சமா நீலம் அடிச்சாப்ல இருக்கும். பொட்டைக்குக் காட்டத்தான் இது கொடி ஆட்டுது. நான் இங்க கீறேன், என்னப் பாருன்னு."

"இந்த ஊர்ல எவடா கீறா அதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "யாருமில்லதான்."

ஓணான் தண்டின் இந்தப் பக்கம் வந்து ஒரு தடவை கொடி ஆட்டியது. கிளையில் ஏறிக் கிழக்கே பார்த்து ஆட்டியது, மேற்கே பார்த்து ஆட்டியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. எறும்பு தின்றது. மறுபடி ஆட்டியது.

"நீ போய் லாரியத் தொடைடா" என்று அவள் பலராமனை அனுப்பினாள். அவன் போன பிறகு, மறுபடி மல்லாந்து படுத்து, கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அபிதத்திடம்தான் பேசுகிறாள் என்பது அபிதத்துக்கே முதலில் புரியவில்லை. "கலசப்பாக்கத்துல ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. பூன குறுக்க போச்சுன்னேன். வந்தவாசில ஒண்ணு. வெளக்கு அணைஞ்சிச்சுன்னேன். நான்தான் அணைச்சேன், மூச்சு வுட்டு."

அபிதம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"தெருவுல இவன் லாரி சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள் சின்னக்கண்ணு. "ஒருத்தி வந்துட்டா அந்த லாரி நேரா அவ வாசல்ல போய் நின்னுடுமேன்னு பயம். இன்னிக்கிப் பல்லி விழவும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னா இன்னா ஆவப் போவுது?"

அபிதத்துக்கு அந்த அம்மாள் மேல் காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணாந்து படுத்திருந்த அந்த முகத்தில் குழம்பு ஒட்டியிருந்தது, கண்ணில் நீர் கோத்திருந்தது, பயந்த பெண்பிள்ளையின் முகமாகத்தான் அது இருந்தது. அவளும் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"லாரில முன்னாடி மூணு பேரு உக்காரலாங்களா?"

கட்டில் கிரீச்சென்றது. சின்னக்கண்ணு எழுந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கழுத்து புடிச்சிக்கிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் தணிந்து நிழல் நீள ஆரம்பித்த பிறகு ஓணான் ஏறத் தொடங்கியது. நின்று நின்று ஏறியது. தண்டு முடிந்து கிளை, கிளை முடிந்து அதற்கு மேலே கிளை. ஆசாரி கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். தறிகள் ஒவ்வொன்றாக நின்று தெரு அமைதியானது. உச்சிக் கிளையின் நுனியில் போய் அது தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்தது. எதிர்ச்சாரியில் ஒரு தென்னைமரம். நடுவில் தெருவின் அகலம் முழுக்க வெறும் காற்று.

"விழப் போவுது" என்றாள் கெங்கம்மாள்.

குதித்தது. முதலில் கல்லைப்போலத்தான் கீழே வந்தது, அபிதத்தின் உயிரும் அதோடு சேர்ந்து வந்தது. அப்புறம் அந்தத் தொளதொளத் தோல் இருபக்கமும் படக்கென்று விரிந்தது. அவ்வளவு நேரம் மரக்கட்டையாக இருந்த பிராணிக்குள்ளிருந்து அப்படி ஒரு நிறமா! உள்ளே வெங்காயச் சருகு, ஓரத்தில் கத்திரிப்பூக் கரை, கரை நெடுக வெளிர்ப் புள்ளி. "அம்மாடி, புடவைல உடலும் கரையும் எடுத்தாப்ல கீதே!" என்று யாரோ கத்தினார்கள். அது தெருவுக்கு மேலே, அத்தனை அண்ணாந்த முகங்களுக்கும் மேலே, வழுக்கிக்கொண்டு போனது. இறக்கையை அடிக்கவே இல்லை. தென்னையை நெருங்கும்போது தலையைத் தூக்கி, ஒரு முழம் மேலெழும்பி, தண்டில் பூப்போல ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் சிறகு போன இடம் தெரியவில்லை. மறுபடியும் பட்டைதான்.

தெருவில் எழுந்த கூச்சலில் ஊர்க் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. எல்லப்பன் தணிகாசலம் ஆசாரியைக் கட்டிக்கொண்டு குதித்தார். பலராமன் விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். சின்னக்கண்ணு கட்டிலின் மேலேயே ஏறி நின்று, "பறக்குதுடா! டேய், பறக்குதுடா!" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அது பறக்கும் என்று அவனுக்குச் சொன்னதே தான்தான் என்பதுபோல. மஞ்சள் பை கீழே விழுந்து வெற்றிலை சிதறியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

அபிதம் ஓணான் போய் உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. பாதியிலேயே திரும்பிச் சின்னக்கண்ணுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல், சொல்லிவிடு என்று.

சின்னக்கண்ணு கட்டிலை விட்டு இறங்கினாள். மூச்சு வாங்கியது. "அத்தப் புடிங்க" என்றாள். "அத்த அதோட காட்டுக்கே கொண்டு போவணும். இங்க கெடந்தா ஏங்கிச் செத்துப் பூடும் பாவம். ஜல்தி புடிங்க, இருட்டறதுக்குள்ள."

அவ்வளவுதானா? கெங்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் கூடை எடுத்துவர உள்ளே ஓடினாள். அழுகை வந்தால் யாரும் பார்க்க வேண்டாம் என்று கொஞ்சம் வேகமாகவே ஓடினாள்.

ஓணான் பிடிப்பது பறக்க வைப்பதைவிடப் பெரிய பேஜாராக இருந்தது. தென்னையில் அது எட்டும் உயரத்தில்தான் இருந்தது. பலராமன் துண்டோடு போனான். கை நீட்டும்போது அங்கே ஓணான் இல்லை. ஓடியதாகவும் தெரியவில்லை. சுற்றிப் போய்ப் பார்த்தால் தண்டின் மறுபக்கத்தில் அலுங்காமல் ஒட்டியிருந்தது. மறுபக்கம் கையை நீட்டினால் இந்தப் பக்கம். அவன் இரண்டு சுற்றுச் சுற்றினான், ஓணானும் அவனோடு இரண்டு சுற்றுச் சுற்றியது. எல்லப்பன் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து மருமகனாக வர வேண்டியவன் நெற்றியில் முட்டிக்கொண்டார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில், மெயின் ரோட்டில் தேசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எல்லப்பன் ஒருவருக்குத்தான் கேட்டது. அவர் முதல்முறையாக அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கடா ஆம்பளைங்களா" என்றாள் சின்னக்கண்ணு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒருத்தரு போனா அந்தப் பக்கம் போவுது. ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்துலேந்து ஒரே நேரத்துல அணைக்கணும். தாங்கற ஆளு வேணும், தலைல வந்து உக்காந்தாலும் அசையாத ஆளு." அவள் யாரையும் தேடவில்லை, நேரே அபிதத்தைப் பார்த்துக் கையால் அழைத்தாள். "நீ வா."

இந்தப் பக்கம் அபிதம், அந்தப் பக்கம் சின்னக்கண்ணு. நடுவில் தென்னை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. "ம்" என்ற சத்தம் வந்ததும் அபிதம் கண்ணை மூடிக்கொண்டு மரத்தை இறுகக் கட்டினாள். தண்டின் சொரசொரப்பு கன்னத்தில் உரசியது. விரலுக்கடியில் ஏதோ அகப்பட்டது. சூடாக, எலும்பாக, வளையலோடு.

"புடிச்சியா?" என்று மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க. உங்க கை."

"தெரியுது. 'ங்க'வ வுடு. அத்தைன்னு சொல்லு."

அபிதத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அத்தை" என்றாள், மரத்தைப் பார்த்து. கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கை அபிதத்தின் விரல்களை இன்னும் கெட்டியாகப் பிடித்தது. "சரி, வுடாத, அது எங்க போச்சுன்னு பாரு" என்றது குரல். அபிதம் கன்னத்தைத் தண்டிலேயே வைத்தபடி மெதுவாக அண்ணாந்தாள். இரண்டு பேர் கைக்கும் ஒரு முழம் மேலே, மாலை வெயிலில், அது மஞ்சள் கொடியை விரித்து விரித்து ஆட்டிக்கொண்டிருந்தது.